இல்லத்து மின்கருவிகளும் கம்பியிலா ரிலேயும்

புதிய கருவியொன்று அங்காடிக்கு வந்தவுடன் அதனை வாங்கி வீட்டில் மாட்டிவிட வேண்டுமென்னும் அவா ஒரு சாராரிடமும், புதியது யாதாயினும் அதனை ஐயத்தோடு நோக்கி ஒதுக்கிவிட வேண்டுமென்னும் பிடிவாதம் மற்றொரு சாராரிடமும் காணப்படுகின்றன. இவ்விரண்டும் ஆராய்ச்சியின்பாற் பட்டன அல்ல. இந்நாளில் நம் வட்டாரத்து வீடுகளிற் புகத் தொடங்கியிருக்கும் வைஃபை ரிலே என்னும் சிறு சாதனத்தைப் பற்றியும் இவ்விரு சாராரும் இவ்வாறே பேசக் கேட்கின்றோம். அச்சாதனம் யாது, அதனால் ஆவது எது, ஆகாதது எது, அதனைத் தேர்ந்தெடுப்போர் கருத வேண்டுவன எவை என்பவற்றை நம் கலாசாலை மாணவர்களும் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் ஒருங்கே ஆராய்ந்து பார்த்தல் நலமென எண்ணி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலில் இதன் தேவையைக் கூறுவோம். திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளி வட்டத்தில் அமைந்த குன்னத்தூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் அறிந்தவர்கள், காலையில் பனியன் கம்பெனி வண்டிகள் வந்து ஆடவரையும் மகளிரையும் ஏற்றிச் செல்வதை நாடோறும் காண்பர். ஷிப்டு முடிந்து அவர்கள் திரும்புங்கால் பொழுது சாய்ந்துவிடும். ஏற்றுமதி ஆர்டர் நெருங்கிய நாட்களில் நள்ளிரவும் ஆகிவிடும். அதுகாறும் வீட்டில் இருப்போர் முதியோரும் சிறு பிள்ளைகளுமே. குளியலறையின் கெய்சரை அணைத்தோமா இல்லையா என்னும் ஐயம் தையல் மேசையின் முன் அமர்ந்திருக்கும் தாயை வாட்டுகின்றது. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகின்றதா, அன்றி ஆழ்துளைக் கிணற்றில் நீர் வற்றி மோட்டார் வெறிதே சுழல்கின்றதா என்று பார்க்க மாடிப்படி ஏறும் வலிமை பாட்டிக்கு இல்லை. இத்தகைய இல்லங்களுக்குத் தொலைவிலிருந்து மின்கருவியை நிறுத்தும் வழியொன்று இருத்தல் ஆடம்பரம் அன்று, ஆறுதலாம்.

சொருகி எடுக்கத் தக்க கருவிகளுக்கு இவ்வழி எளிது. பிளக்குக்கும் சுவர்ச் சாக்கெட்டுக்கும் நடுவே ஒரு கம்பியிலாச் சொருகியை வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் நம் வீடுகளில் மிகுதியாய்ப் பயன்படுவன சொருகிகள் இன்றிச் சுவரினுள் ஓடும் கம்பியோடு நேரே பிணைக்கப்பட்டவை. மேலே சுழலும் மின்விசிறி, குழல்விளக்கு, வாயில் விளக்கு, பல வீடுகளிற் கெய்சர், தண்ணீர் மோட்டார் ஆகிய இவையெல்லாம் அவ்வகையின. இவற்றை ஆள வேண்டின், சுவிட்சுப் பெட்டியினுள்ளேயோ கருவியின் அருகிலேயோ கம்பியை இடைமறித்து ஒரு ரிலேயை அமைத்தல் வேண்டும். ஆகவே இஃது அங்காடியில் வாங்கி வந்து தாமே சொருகிக்கொள்ளும் பொருளன்று. 230 வோல்ட்டுக் கம்பியின்மேற் கை வைக்கும் செயலாம். தேர்வில் நாம் காட்ட வேண்டிய கவனம் அனைத்தும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றது.

ரிலே என்பது புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்க விஞ்ஞானியாகிய ஜோசப் ஹென்றி 1835-ஆம் ஆண்டளவிலேயே மின்காந்தத்தைக் கொண்டு இதன் தத்துவத்தைக் காட்டினார். நெடுந்தூரம் சென்று மெலிந்துபோன தந்திச் செய்தியை இடையில் வாங்கிப் புதிய வலிமையோடு மேலே அனுப்புவதற்கு அது பயன்பட்டது. அஞ்சற் குதிரைகள் களைத்த இடத்திற் புதிய குதிரைகளை மாற்றிப் பூட்டும் வழக்கத்தைக் குறித்த சொல்லே இதற்குப் பெயராயிற்று. ஒரு சிறு கம்பிச்சுருளில் மெல்லிய மின்னோட்டம் பாய, அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்க, அத்தகடு பெரிய மின்னோட்டம் செல்லும் வாயிலைத் திறக்கவும் மூடவும் செய்கின்றது. சிறியது பெரியதை ஆளுதலே ரிலேயின் இயல்பு. இதனோடு கம்பியிலாச் செய்தி வாங்கும் ஒரு சில்லைச் சேர்த்தமையே இக்காலத்துப் புதுமை. ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிப் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட இ.எஸ்.பி.8266 என்னும் மலிவான சில்லு இவ்வகைச் சாதனங்கள் தீப்பெட்டி அளவினவாய்ப் பல்குவதற்குப் பெரிதும் காரணமாயிற்று. சீனத்துச் சோனாப், பல்கேரிய நாட்டு ஷெல்லி என்னும் பெயர்களில் வருவனவும் இவ்வகையினவே.

நம் கொங்கு நாட்டாருக்கு மின்சாரத்தைத் தொலைவிலிருந்து ஆளுதல் அந்நியமான காரியமும் அன்று. 1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆலைகளும் மின்மோட்டார்க் கிணறுகளும் பெருகின. பிற்காலத்தில் உழவர்க்கு மும்முனை மின்சாரம் குறித்த நேரங்களில், பெரும்பாலும் இரவில், கிடைத்தமையால், தோட்டத்திற்கு இருளில் நடந்து சென்று ஸ்டார்ட்டரைத் தட்டும் துன்பத்தைத் தவிர்க்கக் கைப்பேசியால் இயக்கும் ஸ்டார்ட்டர்கள் வந்தன. புனே நகரத்துச் சந்தோஷ் ஓஸ்த்வால் என்பார் ஆக்கிய நானோ கணேஷ் என்னும் சாதனம் இவ்வகைக்கு நாடறிந்த சான்று. நம் தோட்டங்களிலும் இத்தகைய ஸ்டார்ட்டர்களைக் காணலாம்.

அவ்வுழவர் சாதனத்திலிருந்து வீட்டார் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கைப்பேசி ஸ்டார்ட்டரில் உள்ள சிறு ரிலே மோட்டாரின் மின்னோட்டத்தைத் தான் சுமப்பதில்லை. அது ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் அழுத்தும் விரலுக்கு ஈடாக நின்று ஏவல் மட்டும் செய்கின்றது. சுமையைச் சுமப்பது காண்டாக்டர் என்னும் பெரிய கருவி. மோட்டார் மிகுதியாய்ச் சூடேறின் நிறுத்துவது ஓவர்லோட் ரிலே. ஏவுவோன் வேறு, சுமப்போன் வேறு என்னும் இப்பிரிவினையை வீட்டில் மறந்துவிடுவோர் பலர்.

இனி, தேர்வுக்குரிய சோதனைகளைக் கூறுவோம்.

முதற் சோதனை சுமை. சாதனத்தின்மேல் 10 ஆம்பியர் என்றோ 16 ஆம்பியர் என்றோ எழுதியிருக்கும். அவ்வெண் வெறும் வெப்பக் கருவிகளையொத்த அமைதியான சுமைக்கே உரியது. 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கும் கொள்ளாது. 75 வாட் விசிறி மூன்றில் ஒரு பங்கு கொள்ளும். இவற்றிற்கு எச்சிறு ரிலேயும் போதும். 2000 வாட் கெய்சரோ ஏறத்தாழ 8.7 ஆம்பியரும், 3000 வாட் கெய்சர் 13 ஆம்பியரும் கொள்ளும். 10 ஆம்பியர் ரிலேயில் 8.7 ஆம்பியரை நாடோறும் ஓட்டுதல் கணக்கிற் சரியெனத் தோன்றினும், காற்றோட்டமற்ற சுவர்ப்பெட்டியினுள் சிறு முனைகள் சூடேறி நெகிழ்ந்து கருகுவதற்கு அது வழியாகும். 3000 வாட்டைப் பற்றிக் கூறவே வேண்டா. மோட்டாரின் கதை இன்னும் கடுமையானது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்டாயினும், ஓடத் தொடங்கும் கணத்தில் மோட்டார் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். அக்கணத்தில் சிறு ரிலேயின் தகடுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளக் கூடும். ஒட்டிய பின் கைப்பேசித் திரையில் ‘அணைந்தது’ என்று காட்டும். கிணற்றிலோ மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். குருவி தலையிற் பனங்காயை வைத்தல் என்பது இதுவே. ஆதலின் மோட்டாருக்கும் பெரிய கெய்சருக்கும் சிறு ரிலே காண்டாக்டரின் சுருளை ஏவும் ஏவலாளாக மட்டும் நிற்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து.

இரண்டாவது சோதனை சுவிட்சு. சுவரிலுள்ள பழைய சுவிட்சு முன்போலவே வேலை செய்தல் வேண்டும். சில சாதனங்களில் சுவர்ச் சுவிட்சை இணைப்பதற்கெனத் தனி முனைகள் உள்ளன. ஷெல்லி 1, சோனாப் மினி என்பன இத்தகையன. சோனாப் பேசிக் போன்ற வேறு சிலவற்றில் அம்முனைகள் இல்லை. அவற்றை மாட்டிய வீட்டிற் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டால் ரிலேயே உயிரிழக்கும். அணைக்காது விட்டால் சுவிட்சு வெறும் அலங்காரமாகும். மகனும் மருமகளும் கைப்பேசியோடு வேலைக்குச் சென்றபின், இருட்டிய கூடத்தில் எண்பது வயது மூதாட்டி சுவரைத் தடவி அழுத்திய சுவிட்சு விளக்கை ஏற்றாதாயின், அவ்வீட்டிற்கு வந்தது முன்னேற்றமா? வீட்டிலுள்ளோரின் கையிலிருந்த அதிகாரத்தைப் பிடுங்கி வெளியே உள்ளோரிடம் கொடுக்கும் கருவி எத்துணை மலிவாயினும் வேண்டா என்போம்.

மூன்றாவது சோதனை நியூட்ரல் கம்பி. ரிலே தானும் உயிர்வாழ மின்சாரம் வேண்டும். அதற்குப் பேஸும் நியூட்ரலும் இரண்டும் தேவை. நம் வீடுகளிற் சுவிட்சுப் பலகையிலேயே ஒரு சாக்கெட்டும் இருப்பது வழக்கமாதலின் நியூட்ரல் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். சாக்கெட்டு இல்லாத தனிச் சுவிட்சுப் பெட்டிகளில் அது இராமலும் போகலாம். அவ்விடத்தில் எர்த்துக் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்தும் குறுக்கு வழியை எவரும் எக்காரணத்தாலும் கைக்கொள்ளலாகாது. அஃது உயிர்க்கு உலை வைக்கும் செயல். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் அதன் வரிக்குரிய நியூட்ரலையும் நேர்வரியின் நியூட்ரலையும் கலந்துவிடாது பார்த்தலும் வயர்மேனின் கடமை.

நான்காவது சோதனை மின்தடைக்குப் பிந்திய நிலை. 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கு மேலாகவும் மின்சாரம் நின்ற நாட்களை நம் வட்டாரத்தார் மறந்திரார். அந்நிலை நீங்கியதாயினும், மழையிலும் காற்றிலும் மின்தடை வருவது இயல்பே. மின்சாரம் திரும்பியவுடன் ரிலே எந்நிலையில் எழும்? முன்னிருந்த நிலையிலா, ஏற்றிய நிலையிலா, அணைந்த நிலையிலா? இதனை நாமே வகுக்க இடந்தரும் சாதனத்தையே வாங்க வேண்டும். விளக்கிற்கு முன்னிருந்த நிலை ஏற்கும். கெய்சருக்கும் மோட்டாருக்கும் அணைந்த நிலையே தகும். ஆளில்லா வீட்டிற் கெய்சர் தானாக உயிர்பெற்று எழுதல் தகாது.

ஐந்தாவது சோதனையே எம் மனத்திற்கு மிக நெருங்கியது. சாதனம் யாருடைய ஏவலுக்குக் கட்டுப்பட்டது? மலிவான பல சாதனங்கள் நாம் கைப்பேசியைத் தொட்டவுடன் அச்செய்தியைக் கடல் கடந்த கணிப்பொறிக்கு அனுப்பி, அங்கிருந்து விடை வந்த பின்னரே நம் கூடத்து விளக்கை ஏற்றுகின்றன. அக்கணிப்பொறியை நடத்தும் நிறுவனம் மூடப்பட்டால் யாது நேரும்? இது கற்பனை அன்று. 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் ரிவால்வ் என்னும் வீட்டுச் சாதனத்தை அதன் உடைமையாளராகிய நெஸ்ட் நிறுவனம் நிறுத்திவிட, விலை கொடுத்து வாங்கியோர் கையில் வெறும் பெட்டியே எஞ்சியது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பின்றித் தன் கணிப்பொறிகளை அணைத்துவிட்டது. பின்னர் அதன் வாடிக்கையாளர் சிலரே ஒன்றுகூடி அந்நிறுவனத்தை வாங்கி மீட்க வேண்டியதாயிற்று. இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை வேறென்ன? மேலும், எந்நேரத்தில் எவ்விளக்கு எரிந்தது, எந்நேரத்தில் வீடு ஆளின்றிக் கிடந்தது என்னும் குடும்பத்து நடைமுறை முழுவதும் அயலார் ஏட்டில் எழுதப்படுகின்றது. மகளிரும் முதியோரும் தனித்திருக்கும் இல்லத்தின் செய்தியை இவ்வாறு அயலிடம் ஒப்படைத்தல் விவேகமாகாது.

ஆதலின் வீட்டு வைஃபை எல்லைக்குள்ளேயே, இணையம் அறுந்தபோதும், ஏவலை ஏற்று நடக்கும் சாதனத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தகையன இல்லாமலில்லை. ஷெல்லிச் சாதனங்கள் தமக்குரிய பக்கத்தை வீட்டு வலையினுள்ளேயே காட்டுகின்றன. சோனாப் மினியிலும் அவ்வாறு ஏவுதற்கு ஒரு வழி வைக்கப்பட்டுள்ளது. 2013-ஆம் ஆண்டு பவுலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டென்ட், தியோ ஆரெண்ட்ஸ் ஆக்கிய டாஸ்மோட்டா ஆகிய பொதுவுடைமை மென்பொருள்கள் பலரால் வளர்க்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. பல நிறுவனத்தாரின் சாதனங்கள் தம்முள் ஒரே மொழி பேச வேண்டுமென்னும் நோக்கத்தோடு 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மேட்டர் என்னும் பொதுநெறியும் வெளியாயிற்று. பௌதிகமும் கணிதமும் பயிலும் நம் மாணவர்கள் இவற்றைக் கற்றுத் தம் ஊராருக்கு உதவுவார்களாயின், அஃது ஏட்டுக் கல்விக்கு ஓர் அணியாகும்.

நிற்க. இவற்றோடு சிறு செய்திகள் சிலவும் உள. இவ்வகை ரிலேக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையிலேயே செய்தி வாங்குவன. இரும்புப் பெட்டியினுள் அடைத்தால் அவ்வலை மங்கும். ரூட்டருக்கு இன்வெர்ட்டர்த் துணை இல்லையேல் மின்தடையில் ஏவலும் நின்றுவிடும். ஒவ்வொரு ரிலேயும் விழித்திருப்பதற்கே சுமார் 1 வாட் கொள்ளும். ஆண்டொன்றுக்கு அது ஏறத்தாழ 9 யூனிட்டு. வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சுகளின் பின்னும் ரிலே வைத்துப் பெருமை பேசுவோர், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவே இதனைச் செய்தோம் என்று கூறுமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பாராக.

இனி, இத்தகைய சாதனமே வேண்டா என்போர் கூற்றையும் நோக்குவோம். ‘தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்பதற்கு மிதவைச் சுவிட்சு உண்டே; கெய்சருக்குத் தெர்மோஸ்டாட்டு உண்டே; கைப்பேசி எதற்கு?’ என்பர். இதில் உண்மை பெரிதும் உண்டு. மிதவை தொட்டியிலிருந்தே நீரை அறிகின்றது. கைப்பேசியை உடைய மகன் திருப்பூரிலிருந்து அதனை அறியான். இடத்திலிருந்தே அறிந்து நிறுத்தும் கருவி எங்கே கூடுமோ அங்கே அதனையே முதலில் வைக்க வேண்டும். நீரற்றபோது மோட்டாரை நிறுத்தும் காப்பு, 30 மில்லி ஆம்பியர்க் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., செம்மையான எர்த்து ஆகிய இவை இல்லாத வீட்டிற்கு ரிலே வாங்கச் செலவிடும் பணம் முறைமாறிய செலவாம். காப்புக் கருவிகள் அடித்தளம். ரிலே அதன்மேல் எழும் வசதி. ஆயினும் தெர்மோஸ்டாட்டு நீரைச் சூடாகவே வைத்திருக்க மீண்டும் மீண்டும் மின்சாரத்தைக் கொள்ளுமேயன்றி, வீட்டில் எவரும் இலர் என்பதை அறியாது. ஆகவே மறந்துபோனதை நிறுத்தும் இரண்டாங் காவலாக ரிலேக்கு ஓர் இடமுண்டு.

எதற்கு வைக்கலாகாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நன்று. தொலைவிலிருந்து இயக்குவோன், இயங்குமிடத்தில் யாருடைய கை இருக்கின்றதென அறியான். கிரைண்டர், மிக்சி, இஸ்திரிப்பெட்டி, வீட்டிலிருந்தே கூலிக்குத் தைப்போரின் பவர் டேபிள் ஆகியவற்றிற்கு இதனை வைத்தல் தகாது. அன்றியும், ரிலே அணைந்திருத்தல் மின்சாரம் அற்றிருத்தலாகாது. இச்சிறு ரிலே பேஸ் கம்பி ஒன்றை மட்டுமே, அதுவும் மயிரிழை இடைவெளியில், பிரிக்கின்றது. விசிறியைக் கழற்ற ஏணியில் ஏறிய வயர்மேன் சுவிட்சை நம்பி நிற்க, எங்கோ இருக்கும் ஒருவர் விளையாட்டாய்க் கைப்பேசியைத் தொடின் என்னாகும்? பழுது பார்க்குமுன் எம்.சி.பி.யை அணைத்தே தீரவேண்டும். இந்த வீட்டில் ரிலே உண்டு என்னும் எச்சரிக்கை மெயின் பெட்டியின்மேல் தெளிவாகத் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

இவ்வேலையைச் செய்வோன் உரிமம் பெற்ற வயர்மேனாக இருத்தல் வேண்டுமென்று கூறுவது சம்பிரதாயத்திற்கன்று. படித்தவர்கள் சாதனத்தின் மென்பொருளை அறிவர். வயர்மேன் கம்பியின் பருமனையும் முனையின் இறுக்கத்தையும் அறிவான். இவ்விரண்டறிவும் ஒரே மேசையில் அமர்ந்து பேசாவிடின் வீட்டிற்கே கேடு. நம் பட்டதாரிகள் அவனுக்கு வலையமைப்பைக் கற்பித்து, அவனிடமிருந்து வயரிங்கைக் கற்றுக்கொள்வதில் யாதொரு குறைவும் இல்லை.

முடிவாக எமது துணிபு இது. விளக்கிற்கும் விசிறிக்கும், சுவர்ச் சுவிட்சை இணைக்கும் முனையும் வீட்டெல்லைக்குள் இயங்கும் தன்மையும் உள்ள சிறு ரிலே போதும். சிறிய கெய்சருக்கு, மின்சாரத்தை அளந்து காட்டும் 16 ஆம்பியர்ச் சாதனம் ஏற்கும். பெரியதற்குக் காண்டாக்டர் துணை வேண்டும். மோட்டாருக்கு முதலில் மிதவையும் நீர்வற்றுக் காப்பும், பின்னர் காண்டாக்டரும், கடைசியாகவே ரிலேயும். ஓரிடத்தில் ஒன்றை மட்டும் வைத்து, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அதன் நடத்தையைக் கண்ட பின்னர் அடுத்ததை எண்ணுதல் முறை. நூலின் தரத்தை விரலால் உருட்டிப் பார்த்து, துணியின் எடையைத் தராசில் நிறுத்து, சாயம் போகுமாவென நனைத்துப் பார்த்து, அதன் பின்னரே ஆர்டரை ஒப்புக்கொள்ளும் ஊரார் நாம். பனியனுக்குக் காட்டும் அக்கவனத்தை, பெற்றோரும் பிள்ளைகளும் உறங்கும் வீட்டின் சுவருக்குள் வைக்கும் பொருளுக்கும் காட்டுவோமாக.